பல்வலிக்கு ‘ஒரு செட்’ கொடுத்தவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருப்புக்கோட்டையில் 23 வருடங்களாக மருந்துக்கடை நடத்துகிறேன். டி.பார்ம் படித்தவள். மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தை விடாமல் படிப்பேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாம் வருகிறது. வாயின் கடைசி மூலையில் பாதி முளைத்தும் பாதி புதைந்தும் கிடக்கிற ஞானப்பல்லைப் பற்றி நான் படித்தவரை எதுவும் வரவில்லை. அந்தப் பல்லால் என் மகன் உயிருக்குப் போராடினான். அதில் என் கையும் இருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

“அக்கா, கடவாப்பல்லு வலி உசுரு போகுது, ஒரு செட் குடுங்க.” வாரத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்டு வருவார்கள். செட் என்றால் என்ன என்பது எல்லா ஊர் மருந்துக்கடைக்காரர்களுக்கும் தெரியும். ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், வயிற்றுக்கு ஒரு மாத்திரை, எல்லாவற்றையும் கத்தரித்து ஒரு காகித உறையில் போட்டு, ரெண்டு நாளைக்கு ஆறு வேளை என்று சொல்லிக் கொடுப்பது. ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். தெரிந்தும் கொடுத்தேன். வருகிறவர்கள் தறி ஓட்டுகிறவர்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள். டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பார்கள். பாவம் என்று நினைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் “கேட்டுருச்சுக்கா” என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். அது கேட்கவே இல்லை, அடங்கித்தான் இருந்தது என்பது எனக்கு என் மகனால்தான் புரிந்தது.

அவனுக்கு அப்போது 22 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தான். இடது பக்கம் கீழே கடைசிப் பல் அவனுக்கு 20 வயதில் எட்டிப் பார்த்தது. முழுதாக வரவில்லை. ஒரு முனை மட்டும் வெள்ளையாகத் தெரியும், மீதியை ஈறு மூடியிருக்கும். டிப்ளமோ கடைசி செமஸ்டர் பரீட்சையின்போது முதல் தடவை வலித்தது. காது வலிக்கிறது என்றுதான் சொன்னான். நானும் காதுக்குச் சொட்டு மருந்து ஊற்றினேன். ரெண்டாம் நாள் வாயைத் திறக்க முடியாமல் போனபோதுதான் பல் என்று தெரிந்தது. ஒரு செட் கொடுத்தேன். நாலு நாளில் சரியாகிவிட்டது. அஞ்சு மாதம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி ஒரு செட். சிவகாசிக்குப் போன பிறகு, பையில் வைத்துக்கொள் என்று நானே பத்து மாத்திரை அட்டைகளைக் கொடுத்தனுப்பினேன். அம்மாவின் கடையிலிருந்து வந்த மாத்திரை என்பதால் அவனும் யோசிக்காமல் போட்டுக்கொண்டான்.

சிவகாசியில் காலண்டர் வேலை எப்படி என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு அன்று மாதிரி ஆல்பம் போட்டுவிட்டார்களென்றால், அதற்கப்புறம் மார்கழி வரை மெஷின் நிற்காது. லீவு கேட்கவே முடியாது. கார்த்திகையில் அவனுக்கு நாலாவது தடவை வலி வந்தது. நைட் ஷிப்ட். மூன்று நாள் வலி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். நாலாம் நாள் காலை, கூட வேலை பார்க்கிற பையன் அவனை பைக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். இடது தாடைக்குக் கீழே கல் மாதிரி வீக்கம். காய்ச்சல் கொதித்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டை வாயோரம் வைத்துப் பிடித்திருந்தான். பேச்சு கொழகொழவென்று வந்தது. என் மாமியார் உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் நடுவைத் தாண்டி வலது பக்கமும் போயிருந்தது. நான் படித்த படிப்புக்கு அது போதும். 108-ஐக் கூப்பிட்டோம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே டாக்டர்கள் பல்லைப் பற்றிப் பேசவில்லை. மூச்சைப் பற்றித்தான் பேசினார்கள். படுக்க வைக்காதீர்கள், உட்கார்ந்தே இருக்கட்டும் என்றார்கள். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பல்லில் பிடித்த சீழ் தாடைக்கு அடியில் இறங்கி, நாக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் பரவினால் நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளி மூச்சுப் பாதையை அடைத்துவிடுமாம். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் இதை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே லுட்விக் ஆன்ஜைனா என்கிறார்கள். ஆன்டிபயாடிக் வராத காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்க மாட்டார்களாம். என் மகனுக்கு அந்த நிலை தொடங்கிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே தாடைக்கு அடியில் கீறி, சீழ் வடிய ரப்பர் குழாய் வைத்தார்கள். ஆறு நாள் ஊசி மருந்து ஏறியது. அந்த ஆறு நாளும் வார்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, நான் கத்தரித்துக் கொடுத்த மாத்திரை அட்டைகளைத்தான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதைப் பல் பிரிவில் இருந்த ஒரு டாக்டரம்மா எனக்கு விளக்கினார். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டுக் காட்டினார். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடி மாதிரி கிடக்கும். அந்த மூடிக்கும் பல்லுக்கும் இடையே ஒரு சந்து. சோறு, பருப்பு, கீரை நார் எல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் அங்கே நுழையாது. உள்ளேயே அழுகி ஈறு வீங்கும். வீங்கிய ஈற்றை மேல் பல் வேறு கடித்துக்கொண்டே இருக்கும். மாத்திரை ரத்தத்தின் வழியாகப் போகிறது. ஈறு வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். சந்துக்குள் கிடக்கிற அழுக்கை அதால் வெளியே எடுக்க முடியாது. “நீங்க வீட்டைக் கூட்டாம ஊதுபத்தி மட்டும் ஏத்தி வச்சிருக்கீங்கம்மா” என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

முதல் தடவை வலி வந்தபோதே செய்திருக்க வேண்டியது ரொம்பச் சாதாரணமான காரியம். பல் டாக்டர் சிரிஞ்சில் உப்புத் தண்ணீரோ மருந்துத் தண்ணீரோ எடுத்து அந்த மூடிக்கு அடியில் பீய்ச்சிக் கழுவிவிடுவார். மேல் பல் கடித்துக்கொண்டிருந்தால் அதைத் தேய்த்துவிடுவார், சில பேருக்கு அந்த மேல் பல்லையே எடுப்பதும் உண்டு. வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு இருந்தால் பல பேருக்கு அடங்கிவிடும். காய்ச்சல், முகவீக்கம், வாய் திறக்க முடியாமை என்று வந்தால்தான் ஆன்டிபயாடிக். அதுவும் கழுவிச் சுத்தம் செய்வதோடு சேர்த்துத்தான். நான் இத்தனை வருடமாகத் துணை மருந்தை மட்டும் விற்றிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, வாய் ஓரளவு திறக்க ஆரம்பித்தபின் பல்லை எடுக்க வரச் சொன்னார்கள். பல்லைப் பிடுங்குவது என்றால் குறடு வைத்து இழுப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தப் பல்லுக்கு அப்படி இல்லை. எடுப்பதற்கு முன்னால் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் எக்ஸ்ரேகூட எடுக்காமல் ‘இப்பவே எடுத்துடலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வரத் தோன்றும்.

முதலில் டாக்டரம்மா அவனுடைய மூன்று விரல்களையே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொன்னார். மூன்று விரல் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று கணக்கு. அன்று அவனுக்கு இரண்டரைதான் நுழைந்தது. பாக்கு, குட்கா பழக்கம் உண்டா என்று கேட்டார். அதனாலும் கன்னம் இறுகி வாய் திறப்பது குறையுமாம். பழக்கம் எதுவும் இல்லை. தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பக்கத்துப் பல்லின் பின்புறம் மெல்லிய கம்பியை விட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்தார். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டார். எலும்புத் தேய்மானத்துக்குப் போடுகிற சில ஊசி, மாத்திரைகள் இருந்தால் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்று அப்போது சொன்னார். அந்த மருந்துகளை நான் வயதானவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பல் டாக்டரிடம் போனால் இதைச் சொல்லுங்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்புறம் ஓ.பி.ஜி. என்கிற பெரிய எக்ஸ்ரே. நின்றபடியே முகத்தை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டால் மெஷின் தலையைச் சுற்றி வந்து, இரண்டு தாடையையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் எடுத்துவிடுகிறது. சீட்டில் 38 என்று எழுதியிருந்தார்கள். நமக்கு இருப்பதே 32 பல், 38 எங்கிருந்து வந்தது என்று குழம்பிப்போனேன். வாயை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் முன்பல்லில் தொடங்கி எட்டு வரை எண்ணுகிறார்கள். மேல் வலது ஒன்று, மேல் இடது இரண்டு, கீழ் இடது மூன்று, கீழ் வலது நாலு. மூன்றாம் பாகத்தின் எட்டாவது பல்தான் 38. ஞானப்பல் என்றால் 18, 28, 38, 48 என்று சீட்டில் இருக்கும். உங்கள் சீட்டையும் எடுத்துப் பாருங்கள்.

படத்தைப் பார்த்ததும் எனக்கே புரிந்தது. மற்ற பற்கள் எல்லாம் நின்றுகொண்டிருக்க, இது மட்டும் முன்னால் சாய்ந்து ஏழாவது பல்லின் இடுப்பில் முட்டிக்கொண்டிருந்தது. தாடையில் இடம் போதாதபோது பல் இப்படி முன்னால் சாயலாம், பின்னால் சாயலாம், நேராக நின்றபடியே எலும்புக்குள் மாட்டிக்கொள்ளலாம், படுத்தேவிடலாம். இந்தச் சாய்வை வைத்துப் பிரிக்கிற முறையை 1926-இல் வின்டர் என்ற அமெரிக்க டாக்டர் வகுத்தார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாய்வோடு முடிவதில்லை. பல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, தாடை எலும்பு மேலே திரும்புகிற இடத்துக்கும் ஏழாவது பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, வேர் நேராக இருக்கிறதா கொக்கி போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுப்பது சுலபமா கஷ்டமா என்று சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள்ளே ஒரு குழாய் மாதிரிப் பாதை ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு அதற்குள் போகிறது. எக்ஸ்ரேயில் அந்தப் பாதையின் மேலும் கீழும் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரியும். என் மகனின் படத்தில், வேர் அதைக் கடக்கிற இடத்தில் மேல் கோடு அறுந்திருந்தது, வேரும் அந்த இடத்தில் கறுத்துத் தெரிந்தது. வேரும் நரம்பும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு இவை அடையாளம். தட்டையான படத்தில் அது முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியாது என்பதால், முப்பரிமாணத்தில் காட்டுகிற சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. இந்த மாதிரி சந்தேகம் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். ஸ்கேனில் நரம்பு வேரை ஒட்டி நாக்குப் பக்கமாகப் போவது தெரிந்தது.

இப்படி இருக்கும்போது பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நரம்பைத் தொடாமல் வேரை அப்படியே எலும்புக்குள் விட்டுவிடுகிற முறையும் உண்டாம். வேரைச் சுற்றிச் சீழ் பிடித்திருந்தால் அது முடியாது. இவனுக்குச் சீழ் பிடித்திருந்தது. முதல் தடவை வலித்தபோதே கூட்டிப்போயிருந்தால் அந்த வழியாவது திறந்திருக்கும். உதடு கொஞ்ச நாள் மரத்துப்போகலாம், அப்படி ஆகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் திரும்பிவிடும், அபூர்வமாகச் சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, ஈற்றைக் கீறி விலக்கி, பல்லை மூடிக்கொண்டிருந்த எலும்பைத் தண்ணீர் பீய்ச்சியபடியே கொஞ்சம் ராவி, பல்லை இரண்டு துண்டாக அறுத்து எடுத்துத் தையல் போட்டார்கள். முக்கால் மணி நேரம். வலி இல்லை, அழுத்தமும் மெஷின் சத்தமும்தான் பயமாக இருந்தது என்றான். இன்னொரு வேதனை அப்போதுதான் தெரிந்தது. சாய்ந்த பல் முட்டிக்கொண்டிருந்த சந்தில் சோறு தங்கித் தங்கி, ஏழாவது பல் பின்பக்கம் ஈற்றுக்கு அடியிலேயே சொத்தையாகியிருந்தது. வேர் சிகிச்சை செய்தாலும் மேலே கட்டி நிறுத்த முடியாது என்றார்கள். மெல்லுவதற்குக் கடைசி வரை தேவைப்படுகிற நல்ல பல். 22 வயதில் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அழுதார். “ரெண்டு பல்லப் புடுங்கிட்டாங்களே, புள்ளைக்குக் கண்ணு போயிரும்” என்று. இதை எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் நம்புகிறார்கள். இந்தப் பயத்தில் சொத்தைப்பல்லை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வருகிற நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியாகக் கிளம்புகின்றன. பல் எடுத்தால் பார்வை போகாது. மாமியாரிடம் இதைப் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். பேரன் மறுநாள் செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் படித்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

பல் எடுத்த பிறகு வீட்டில் செய்வதிலும் தப்பு நடக்கிறது. பஞ்சைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னால் நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்து எடுத்துத் துப்புவார்கள். துப்பக் கூடாது. ரத்தம் உறைந்து கட்டி நிற்பதுதான் அந்தக் குழிக்கு மருந்து. இளநீர் நல்லதென்று வாங்கிக் கொடுப்பார்கள், நல்லதுதான், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் அந்தக் கட்டி கழன்று வந்துவிடும். டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், சூடு கூடாது. கொப்பளிப்பது மறுநாளிலிருந்து. சிகரெட்டும் பீடியும் ஆகவே ஆகாது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் கூடிவிட்டுத்தான் குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்று நாலு நாள் கழித்து, வலி குறையாமல் காது வரை தெறித்து, வாய் நாற்றமும் எடுத்தால் குழி காய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கடைக்கு வந்து மாத்திரை கேட்காதீர்கள். எடுத்த டாக்டரிடமே போனால் குழியைக் கழுவி மருந்து வைத்து விடுவார், பெரும்பாலும் அன்றைக்கே வலி குறைந்துவிடும்.

என் மகனுக்குக் குழி நன்றாக ஆறியது. உதடுதான் ஏழு வாரம் மரத்துக் கிடந்தது. டீ குடித்தால் இடது ஓரத்தில் வழிவது அவனுக்குத் தெரியாது. ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டதும் தெரியவில்லை, சட்டையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன். எட்டாவது வாரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சிவகாசியிலிருந்து போன் செய்தான். நரம்பு திரும்புகிறது என்று டாக்டரம்மா சொன்னார். அன்று கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டுச் சொக்கலிங்கபுரம் கோயிலுக்குப் போய்வந்தேன்.

இதைப் படித்துவிட்டு, ஞானப்பல் இருக்கிற எல்லோரும் ஓடிப்போய் எடுத்துவிட வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தத் தப்பையும் நான் செய்யப் பார்த்தேன். மகனுக்கு ஆன பயத்தில் மகளை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு 19 வயது. ஒரு வலியும் கிடையாது. படம் எடுத்தார்கள், நாலு ஞானப்பல்லும் உள்ளே இருக்கிறது, நாலையும் எடுத்துவிடலாம், விட்டால் முன்பல் எல்லாம் நெருக்கி வளைந்துவிடும் என்றார்கள். நாலுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் விலையும் சொன்னார்கள். முன்பணம் கட்டப் பையைத் திறந்துவிட்டேன். மகள்தான், அண்ணனைப் பார்த்த டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம்மா என்றாள்.

டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். மேலே இரண்டும் நேராக இறங்கிக்கொண்டிருந்தன. கீழே வலதுக்கு இடம் இருக்கிறது, வந்துவிடலாம். கீழே இடது மட்டும் சாய்ந்து எலும்புக்குள் ஆழமாகக் கிடக்கிறது. வாய்க்குள் திறப்பே இல்லை, சுற்றிலும் கட்டி எதுவும் இல்லை, பக்கத்துப் பல்லும் கெடவில்லை. இப்போது எதையும் தொட வேண்டாம் என்றார். முன்பல் வளைவதற்கு ஞானப்பல்தான் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாதாம். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டிலேயே, நோய் எதுவும் இல்லாத புதைபல்லை முன்னெச்சரிக்கை என்று எடுக்கக் கூடாது என அரசு மருத்துவ சேவைக்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டார்கள். பல்லைச் சுற்றி ஈறு வீங்குவது ஒரே ஒரு தடவை, அதுவும் லேசாக வந்தால்கூட உடனே எடுக்கச் சொல்வதில்லை. ரொம்பக் கடுமையாக வந்தாலோ, இரண்டாம் முறை வந்தாலோதான் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது அந்த வழிகாட்டுதல். எல்லா நாட்டு டாக்டர்களும் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வயது ஏற ஏற எலும்பு இறுகி எடுப்பது கஷ்டமாகும், பக்கத்துப் பல்லும் மெல்லக் கெடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு என்பதையும் அவரே சொன்னார். அதனால்தான் சும்மா விடாமல், குறிப்பிட்ட இடைவெளியில் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். எலும்புக்குள்ளேயே கிடக்கிற பல்லைச் சுற்றி சில சமயம் நீர்க்கட்டி வரலாம், அது வலிக்காமலே வளரும், எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

என் மகனுக்கு இரண்டாம் தடவை வீங்கியபோதே எடுத்திருக்க வேண்டும். என் மகளுக்கு இன்று வரை எடுக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில், அண்ணன் தங்கைக்கு. இதை வாயைத் திறந்து பார்த்து, படம் எடுத்துப் பார்த்த ஒருவரால்தான் சொல்ல முடியும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நான் எப்படிச் சொல்வேன்?

சக மருந்துக்கடைக்காரர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். பதினேழு பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கிற பிள்ளை கடைசிப் பல் வலி என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது? எச்சில் விழுங்க முடிகிறதா? இதற்கு முன்னால் எத்தனை தடவை வந்தது? காதுக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்தாலும் ஒரு தரம் பல்லைப் பற்றிக் கேளுங்கள். வலிக்கிற இடத்திலேயே ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி ஈறு வெந்து வெள்ளையாகிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லுங்கள். வியாபாரம் போய்விடும் என்று பயமாக இருக்கும். நான் செட் கொடுப்பதை நிறுத்தினேன். கொஞ்சப் பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். உண்மைதான். நிறையப் பேர் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியின் பல் டாக்டரிடம் போனார்கள். ராத்திரி வலியோடு வருகிறவருக்கு ஒரு வேளைக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, காலையில் ஓ.பி. எத்தனை மணிக்கு, பல் பிரிவு எந்தப் பக்கம் என்று உறையின் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

பாலிடெக்னிக், கலைக்கல்லூரி நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கண் பரிசோதனை முகாம் நடத்துகிறீர்கள், ரத்ததான முகாம் நடத்துகிறீர்கள். இந்தப் பல் முளைக்கிற வயதுப் பிள்ளைகள் எல்லோரும் உங்கள் வளாகத்தில்தான் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் ஒரு பல் டாக்டரைக் கூப்பிட்டு வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹாஸ்டல் பிள்ளைகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், வலித்தாலும் வீட்டில் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் அவர்கள்தான்.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீளம் என்று நீங்கள் வெட்டினாலும் கீழே இருப்பதை மட்டும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள். பல்வலியோடு தாடைக்குக் கீழே அல்லது கழுத்தில் வீக்கம் பரவினால், எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வடிந்தால், பேச்சு மாறினால், நாக்கு மேலே தூக்கினால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பகுதியைக் கத்தரித்து என் கடைக் கண்ணாடியில், மாத்திரை வாங்குகிறவர்கள் கையை வைக்கிற இடத்தில் ஒட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடை நடத்தும் ஒரு தாய்,
அருப்புக்கோட்டை.